மெமரி சிப் புரோகிராமர் வாங்கப் போகிறீர்களா? நெல்லைப் பக்கத்துப் புதியவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் பாலிடெக்னிக் படிக்கிற பையன், அம்பாசமுத்திரத்தில் டிவி ரிப்பேர் பழகுகிறவர், தென்காசியில் பழைய ரௌட்டரைப் பிரித்துப் பார்க்கிற பள்ளி ஆசிரியர் என்று பலரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "குறைந்த விலையில் எந்த புரோகிராமர் நல்லது?" புரோகிராமர் என்பது மெமரி சிப்பில் உள்ளதைக் கணினியில் படிக்கவும், அழித்து எழுதவும் உதவும் கருவி. எந்த சிப்பில் வேலை செய்யப் போகிறீர்கள் என்பது தெரியாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது. அதனால் சிப்பிலிருந்தே தொடங்குவோம்.

நான் எந்த சிப்பில் வேலை செய்யப் போகிறேன் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

போர்டில் எட்டுக் கால் கறுப்பு சிப்பைத் தேடி, பூதக்கண்ணாடியோ போன் கேமராவோ வைத்து மேலே எழுதியிருப்பதைப் படியுங்கள். நடுவில் 25 என்று வந்தால் அது எஸ்பிஐ (SPI) ஃப்ளாஷ், கருவியின் மென்பொருள் இருக்கும் மெமரி. லேப்டாப் பயாஸ் (லேப்டாப்பை முதலில் எழுப்பும் மென்பொருள்), ரௌட்டர், டிவிடி பிளேயர், பழைய எல்இடி டிவி எல்லாவற்றிலும் இதுதான் இருக்கும். 24 என்று தொடங்கினால் ஐ2சி ஈஈப்ராம். செட்டிங், சீரியல் எண் போன்ற சின்னத் தகவல்கள் அதில் இருக்கும். 93 என்றால் மைக்ரோவயர் வகை ஈஈப்ராம். 24, 28 அல்லது 32 கால்களோடு நீளமாக, நடுவில் கண்ணாடி ஜன்னலோடு இருந்தால் அது 27 வரிசை ஈப்ராம், புறஊதா ஒளியால் அழிக்கும் பழைய வகை.

கொள்ளளவு பெயரிலேயே இருக்கிறது. ஆனால் 25 வரிசையில் அது மெகாபிட் கணக்கு, மெகாபைட் இல்லை. டபிள்யூ25க்யூ64 என்றால் 64 மெகாபிட், அதாவது 8 மெகாபைட். அதிலிருந்து படித்த கோப்பு சரியாக 83,88,608 பைட் இருக்க வேண்டும். 24 வரிசையில் அது கிலோபிட் கணக்கு: 24சி02 வெறும் 256 பைட். 24சி64 என்றால் 8 கிலோபைட். இந்தக் கணக்கு மனதில் இருந்தால் பாதிக் குழப்பம் வராது.

அப்படியென்றால் முதலில் எதை வாங்குவது?

24, 25 வரிசை மட்டும் போதும் என்றால் சிஎச்341ஏ சிப் வைத்த சின்ன யூஎஸ்பி புரோகிராமர் போதும். சில நூறு ரூபாய்தான். பத்தில் ஒன்பது பேருக்கு வேறு எதுவும் தேவைப்படாது. ஆனால் கடையில் இருக்கிற முதல் கறுப்பு போர்டைத் தூக்கிவிடாதீர்கள். 1.8, 2.5, 3.3, 5 வோல்ட் என்று மாற்றுகிற சுவிட்ச் போர்டிலேயே உள்ள புதிய வகையைக் கேட்டு வாங்குங்கள். கூடுதலாக ஒரு நூறு, இருநூறு ஆகும். அந்தப் பணம் வீணில்லை; காரணம் அடுத்த கேள்வியில் வருகிறது.

கூடவே எட்டுக் கால் டெஸ்ட் கிளிப் ஒன்று, சர்ஃபேஸ் மவுண்ட் சிப்பை வைக்கும் சின்ன அடாப்டர் போர்டு இரண்டு, மல்டிமீட்டர் ஒன்று. மல்டிமீட்டர் இல்லாமல் இந்தச் சோலியில் இறங்கவே வேண்டாம்.

கறுப்பு போர்டு சிப்பை எரித்துவிடும் என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. பழைய கறுப்பு போர்டில் ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர் இருக்கிறது. அது சாக்கெட்டின் மின்சாரக் காலுக்கு ஒழுங்காக 3.3 வோல்ட் கொடுக்கும். சிக்கல் எங்கே என்றால், சிஎச்341ஏ சிப் 5 வோல்ட்டில் ஓடுகிறது. அதனால் டேட்டா, கிளாக், செலக்ட் ஆகிய மூன்று கோடுகளிலும் 5 வோல்ட் வருகிறது.

டபிள்யூ25க்யூ64எஃப்வி சிப்பின் டேட்டாஷீட்டை (தயாரிப்பாளர் தரும் விவரத்தாள்) பாருங்கள்: எந்தக் காலிலும் சப்ளை வோல்டேஜைவிட 0.4 வோல்ட்டுக்கு மேல் கூடக் கூடாது என்று இருக்கிறது. 3.3 சப்ளை என்றால் 3.7 தான் எல்லை. அங்கே 5 போகிறது. பல சிப்கள் இதைத் தாங்கிக்கொள்கின்றன. அதனால்தான் "எனக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று சொல்கிறவர்களும் உண்டு. தனியாக வைத்த சிப் தாங்கினாலும், கிளிப் போட்டு போர்டிலேயே படிக்கும்போது அந்த 5 வோல்ட் லேப்டாப்பின் சிப்செட்டுக்கும் போகும். அது தாங்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. அடுத்தவர் லேப்டாப்பில் இந்தச் சோதனை வேண்டாம்.

என்னிடம் இருக்கிற போர்டு எந்த வகை என்று எப்படிப் பார்ப்பது?

சாக்கெட்டின் 8-ஆம் காலை மட்டும் அளந்து 3.3 வருகிறது என்று திருப்திப்படுவதுதான் எல்லோரும் செய்கிற தவறு. அது ரெகுலேட்டரிலிருந்து வருவது. அளக்க வேண்டியது சிஎச்341ஏ சிப்பின் 28-ஆம் கால். புள்ளி இருக்கும் மூலை 1-ஆம் கால். அதற்கு நேர் எதிரே உள்ளது 28. யூஎஸ்பியில் செருகி, கிரவுண்டுக்கும் அதற்கும் அளந்து பாருங்கள். 5 வந்தால் கோடுகளும் 5. 3.3 வந்தால் கவலையில்லை.

5 வருகிறது, ஆனால் வேறு வாங்க மனமில்லை என்றால் திருத்தலாம். 28-ஆம் காலை மெல்லிய ஊசியால் போர்டிலிருந்து தூக்கி, மெல்லிய எனாமல் கம்பியால் ரெகுலேட்டரின் நடுக் காலோடு சேருங்கள், 3.3 வெளிவருவது அங்கேதான். 9-ஆம் காலையும் அதே 3.3-ல் இணைக்க வேண்டும். 3.3-ல் ஓடும்போது அந்தக் காலும் சப்ளையோடு சேர்ந்திருக்க வேண்டும் என்பது சிப்பின் விதி; அதை விட்டுவிட்டு "வேலை செய்யவில்லை" என்பவர்கள் அதிகம். தூக்கிய கால் பழைய தடத்தைத் தொடவில்லை என்று மல்டிமீட்டரில் உறுதிசெய்துவிட்டு யூஎஸ்பியில் செருகுங்கள். கால் தூக்குவது இதுவரை பழகாத கை என்றால் சுவிட்ச் வைத்த போர்டை வாங்குவதே மேல்.

1.8 வோல்ட் அடாப்டர் கண்டிப்பாக வேண்டுமா?

கடந்த பத்து ஆண்டுகளில் வந்த பல லேப்டாப், டேப்லெட்டுகளின் பயாஸ் சிப் 1.8 வோல்ட். அவற்றில் 3.3 கொடுத்தால் சிப் சாகலாம். பெயரின் கடைசி எழுத்துகளில் வித்தியாசம் தெரியும்: விண்பாண்ட் நிறுவனத்தின் 64 மெகாபிட் சிப்பில் எஃப்வி, ஜேவி என்று முடிந்தால் 3.3, எஃப்டபிள்யூ, ஜேடபிள்யூ என்று முடிந்தால் 1.8. மேக்ரோனிக்ஸில் 25எல் என்றால் 3.3, 25யூ என்றால் 1.8. கிகாடிவைஸில் 25க்யூ என்றால் 3.3, 25எல்க்யூ என்றால் 1.8.

ரௌட்டர், டிவிடி பிளேயர் மட்டும் என்றால் இப்போதைக்கு அடாப்டர் வேண்டாம். உங்கள் போர்டில் 1.8-க்கு மாற்றும் சுவிட்ச் இல்லாமல், லேப்டாப் தொடுவதாக இருந்தால் முதல் நாளே வாங்கிவையுங்கள். சிப்பின் பெயரைப் படிக்க முடியவில்லை என்றால் எப்போதும் 1.8-லிருந்து தொடங்குங்கள். 3.3 சிப்புக்கு 1.8 கொடுத்தால் பதில் வராது, அவ்வளவுதான். தலைகீழாகச் செய்தால் திரும்பக் கிடைக்காது.

முதல் தடவை என்ன வரிசையில் செய்வது?

வாடிக்கையாளர் போர்டில் ஆரம்பிக்காதீர்கள். காயலான் கடையில் பழைய டிவிடி பிளேயர் போர்டோ, செத்த ரௌட்டரோ கிடைக்கும். அதிலிருந்து 25 வரிசை சிப் இரண்டைக் கழற்றிக்கொள்ளுங்கள். அடாப்டர் போர்டில் பற்றவைத்துப் பழகலாம்.

புரோகிராமரில் உள்ள ஜம்பர் 1, 2 என்ற இரண்டையும் இணைத்திருக்க வேண்டும். அது மாறி இருந்தால் கணினியில் சீரியல் போர்ட்டாகத் தெரியும். மென்பொருள் "கருவி இல்லை" என்று சொல்லும். டிரைவரும் சீரியலுக்கான சிஎச்341எஸ்இஆர் இல்லை, சிஎச்341பிஏஆர் வேண்டும். இந்த ஒரு குழப்பத்தில் முதல் மாலை முழுவதும் போய்விடும்.

சிப்பின் புள்ளி சாக்கெட்டில் போட்டிருக்கும் அடையாளத்தோடு ஒத்திருக்கட்டும். 24-க்கு ஒரு பாதி, 25-க்கு ஒரு பாதி என்று போர்டிலேயே அச்சிட்டிருப்பார்கள். சிப்பை 180 பாகை திருப்பி வைத்தால் 8-ஆம் காலும் 4-ஆம் காலும் மாறி, சப்ளையும் கிரவுண்டும் தலைகீழாகிவிடும். செருகியதும் சிப்பின் மேல் விரல் வையுங்கள். சூடேறினால் உடனே உருவிவிடுங்கள்.

பிறகு ஐடி, அதாவது சிப்பே சொல்லும் அடையாள எண்ணைப் படியுங்கள். விண்பாண்ட் 64 மெகாபிட் 3.3 வோல்ட் சிப் என்றால் ஈஎஃப் 40 17 என்று வரும். 128 மெகாபிட் என்றால் ஈஎஃப் 40 18. கிகாடிவைஸ் என்றால் முதல் எண் சி8. மேக்ரோனிக்ஸ் என்றால் சி2. சிப்பில் எழுதியிருப்பதும் ஐடியும் பொருந்தவில்லை என்றால் மேலே போகாதீர்கள். பெயரைத் தேய்த்து மாற்றி விற்கும் போலி சிப்களும் சந்தையில் இருக்கின்றன.

ஐடி சரி என்றால் முழுவதும் படித்துச் சேமியுங்கள். சிப்பை எடுத்துவிட்டு மறுபடி வைத்து இன்னொரு முறை படியுங்கள். இரண்டு கோப்பும் ஒரு பைட் பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். எம்டி5 அல்லது எஸ்எச்ஏ (கோப்புக்குக் கைரேகை போன்ற எண்) கணக்கு போட்டு ஒப்பிடலாம். ஒன்றாக இல்லை என்றால் தொடர்பு சரியில்லை. அந்த நிலையில் அழிக்கிற பொத்தான் பக்கமே போகக் கூடாது.

ஒப்பிட்டுச் சரியான பிறகுதான் அழிப்பு, காலி என்று சோதனை, எழுத்து, சரிபார்ப்பு என்ற நான்கும். ஃப்ளாஷில் 1-ஐ 0 ஆக்கத்தான் எழுத முடியும். 0-வை 1 ஆக்க அழித்தாக வேண்டும். அதனால்தான் அழிக்காமல் மேலே எழுதினால் குப்பையாக வரும். 64 மெகாபிட் சிப்பை முழுவதும் அழிக்க வழக்கமாக 20 நொடி ஆகும், 100 நொடி வரைகூட ஆகலாம். பொறுமையிழந்து யூஎஸ்பியை உருவாதீர்கள்.

போர்டிலேயே கிளிப் போட்டுப் படித்தால் எல்லாம் எஃப்எஃப் என்றே வருகிறது. ஏன்?

எஃப்எஃப் (காலி பைட்டின் மதிப்பு) அல்லது 00 மட்டும் வந்தால் பெரும்பாலும் சிப்பைத் தொடவே இல்லை என்று பொருள். கிளிப்பைக் கழற்றி, சிப் கால்களை ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பல் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு மறுபடி மாட்டுங்கள். சில போர்டுகளில் ஈரம் புகாமல் இருக்க மேலே ஒரு பூச்சு அடித்திருப்பார்கள். அதைச் சுரண்டாமல் தொடர்பு கிடைக்காது. கிளிப்பின் சிவப்புக் கம்பி 1-ஆம் கால் பக்கம் இருக்க வேண்டும். கம்பி நீளம் 15 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது. யூஎஸ்பி நீட்டிப்பு ஒயர், மலிவான ஹப் இரண்டையும் தவிர்த்து நேரடியாகச் செருகுங்கள்.

ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஐடி வந்தால் காரணம் வேறு. புரோகிராமர் கொடுக்கும் 3.3 வோல்ட் சிப்போடு நிற்காமல் போர்டின் மற்ற பகுதிகளுக்கும் பாய்ந்து, வோல்டேஜ் தாழ்ந்துவிடுகிறது. கிளிப் மாட்டிய நிலையில் 8-ஆம் காலை அளந்து பாருங்கள். 3-க்குக் கீழே இருந்தால் இதுதான். லேப்டாப் என்றால் பேட்டரி, சார்ஜர், சிமாஸ் பேட்டரி (போர்டில் உள்ள காசு வடிவப் பேட்டரி) மூன்றையும் கழற்றியிருக்க வேண்டும். அதற்கும் சரியாகவில்லை என்றால் சிப்பைக் கழற்றிப் படிப்பதுதான் வழி. ஹாட் ஏர் இருந்தால் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கைக் கேப்டான் டேப்பால் (சூடு தாங்கும் டேப்) மூடிவிட்டு எடுங்கள். எங்கள் அனுபவத்தில் கிளிப்போடு ஒரு மணி நேரம் மல்லுக்கட்டுவதைவிடக் கழற்றுவது சீக்கிரம் முடிகிறது.

படிக்க முடிகிறது, அழிக்க முடியவில்லை.

சிப்பின் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரில் (சிப்பின் நிலையைக் குறிக்கும் சின்னப் பதிவிடம்) பாதுகாப்பு பிட்கள் போட்டிருப்பார்கள். மென்பொருளில் "அன்புரொடெக்ட்" கொடுத்துவிட்டு முயலுங்கள். 24 வரிசையில் 7-ஆம் கால் எழுத்துத் தடைக் கால். அது போர்டில் சப்ளையோடு சேர்ந்திருந்தால் எழுத்து ஏறாது. கிரவுண்டில் இருக்க வேண்டும்.

மென்பொருள் எது?

விண்டோஸில் ஏஎஸ்புரோகிராமர் அல்லது நியோபுரோகிராமர். லினக்ஸில் ஃப்ளாஷ்ராம் (flashrom), தனி டிரைவர் தேவையில்லை. மூன்றும் இலவசம். புரோகிராமரோடு வரும் சிடியிலோ, விற்பவர் அனுப்பும் டிரைவ் இணைப்பிலோ உள்ள பழைய பதிப்பைத் தவிருங்கள். வைரஸ் இருப்பதும் உண்டு, 5 வருடப் பழைய சிப் பட்டியல் இருப்பதும் உண்டு. 16 மெகாபைட்டுக்கு மேற்பட்ட சிப்களுக்கு நான்கு பைட் முகவரி தேவை. பழைய மென்பொருளில் படித்தால் முதல் 16 மெகாபைட்டே திரும்பவும் வரும். பார்ப்பதற்குச் சரியான கோப்பு மாதிரியே இருக்கும். அதனால் கோப்பின் இரண்டு பாதியும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

இணையத்தில் அதே மாடலின் பயாஸ் கோப்பு கிடைக்கிறது. அப்படியே எழுதலாமா?

வேண்டாம். ஒவ்வொரு லேப்டாப்பின் பயாஸ் சிப்பிலும் அந்தக் கருவிக்கே உரிய சீரியல் எண், விண்டோஸ் உரிமச் சாவி, சிலவற்றில் நெட்வொர்க் முகவரி எல்லாம் இருக்கின்றன. இன்டெல் போர்டுகளில் எம்இ (மேனேஜ்மென்ட் எஞ்சின் என்ற இன்டெலின் உள் மென்பொருள்) பகுதி வேறு தனியாக இருக்கும். பக்கத்து வீட்டுக் கோப்பை எழுதினால் ஒருவேளை திரை வரும்; ஆனால் உரிமம் போகும், அல்லது அரை மணி நேரத்துக்கு ஒரு முறை தானாக அணையும். பழைய ஏதரோஸ் சிப் ரௌட்டர்களில் கடைசி 64 கிலோபைட்டில் வைஃபை ரேடியோவின் அளவுத்திருத்தத் தகவல் இருக்கிறது. அதை இழந்தால் வைஃபை செத்துவிடும். வேறெங்கும் அதற்கு நகல் கிடையாது. அதனால்தான் மூலக் கோப்பை இரண்டு இடங்களில் வையுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறோம். கோப்பின் பெயரிலேயே மாடல், சிப் பெயர், தேதி மூன்றையும் போட்டுவையுங்கள்.

ஆயிரக்கணக்கான சிப் ஆதரிக்கும் பெரிய புரோகிராமர் வாங்கினால் நல்லதுதானே?

எக்ஸ்ஜிகுவின் டி48 நல்ல கருவி. அதற்கு முந்திய டிஎல்866-II பிளஸ்ஸும் நல்லதுதான், பழையது கிடைத்தால் வாங்கலாம். ஆனால் போலிகள் உண்டு. விலை சிஎச்341ஏ-யைப் போலப் பல மடங்கு. 27 வரிசை ஈப்ராம், 28சி256 போன்ற பேரலல் சிப், ஏவிஆர், பிக் மைக்ரோகன்ட்ரோலர் இவற்றில் ஏதாவது ஒன்று உண்மையிலேயே உங்கள் மேசையில் இருந்தால் அந்தப் பணம் தகும். பட்டியலின் நீளத்தைப் பார்த்து மட்டும் வாங்கினால், இரண்டு வருடம் கழித்தும் அதே எட்டுக் கால் சிப்பைத்தான் அதில் படித்துக்கொண்டிருப்பீர்கள். லினக்ஸில் ஓட்ட மினிப்ரோ என்ற திறந்த மென்பொருள் இருக்கிறது.

ஜன்னல் வைத்த ஈப்ராமை வெயிலில் காயப்போட்டு அழிக்கலாமா?

அழியும், ஆனால் நேரடி வெயிலிலேயே ஒரு வாரம் ஆகும் என்று டேட்டாஷீட் சொல்கிறது. நம் ஊர்ச் சித்திரை வெயிலை நம்பியும் இதைச் செய்ய வேண்டாம். சில பிட்கள் மட்டும் அழியாமல் நிற்கும், எங்கே தவறு என்று தேடித் தேடிக் களைத்துவிடுவீர்கள். 253.7 நானோமீட்டர் புறஊதா விளக்கு உள்ள அழிப்புப் பெட்டியில் 15 முதல் 20 நிமிடம் போதும். பெட்டியைத் திறந்து விளக்கைப் பார்க்கக் கூடாது, கண் கெட்டுவிடும். எழுதிய பிறகு ஜன்னலை ஒளி புகாத லேபிளால் மூடுங்கள்.

எழுதும் வோல்டேஜும் வேறுபடும். 27சி256-க்குச் சுமார் 12.75 வோல்ட், பழைய 2716 கேட்பது 25 வோல்ட். டிஎல்866-II பிளஸ் 18 வரைதான் தரும். சிஎச்341ஏ-யால் இவற்றில் எதையும் செய்ய முடியாது. வீட்டில் பழைய கருவிக்காக ஒன்றிரண்டு ஈப்ராம் மட்டும் வேண்டும் என்றால் டபிள்யூ27சி512 வாங்குங்கள். மின்சாரத்திலேயே அழியும், விளக்குப் பெட்டி தேவையில்லை.

என்னிடம் ராஸ்பெரி பை பிக்கோ இருக்கிறது. அதை வைத்துச் செய்ய முடியாதா?

முடியும், நன்றாகவே முடியும். பிக்கோ ஒரு சின்ன மைக்ரோகன்ட்ரோலர் போர்டு, அதன் கால்கள் இயல்பாகவே 3.3 வோல்ட். செர்ப்ராக் நெறிமுறை பேசும் ஃபர்ம்வேரை ஏற்றிவிட்டால் ஃப்ளாஷ்ராம் அதை எஸ்பிஐ புரோகிராமராக எடுத்துக்கொள்ளும். ஆறு ஜம்பர் கம்பி போதும்; சிப்பின் 3-ஆம், 7-ஆம் கால்களை மட்டும் 3.3-க்கு இழுத்துவிடுங்கள், அந்தரத்தில் விட்டால் படிப்பு தள்ளாடும். ஆர்டுவினோ யூனோ 5 வோல்ட். இடையில் லெவல் ஷிப்டர் (5-ஐ 3.3 ஆக்கும் மாற்றி) இல்லாமல் 25 வரிசைச் சிப்போடு அதை இணைக்காதீர்கள்.

ஸ்மார்ட் டிவி சாஃப்ட்வேர் ஏற்ற இது போதுமா?

பெரும்பாலும் போதாது. ஸ்மார்ட் டிவியின் முக்கிய மென்பொருள் இஎம்எம்சி (eMMC) என்ற பெரிய கொள்ளளவு மெமரி சிப்பில் இருக்கும். அதற்குத் தனி ரீடர் வேண்டும், அடியில் உருண்டை ஈயம் வைத்த சிப்பைக் கழற்றவும் மாட்டவும் தெரிந்த கை வேண்டும். பழைய ஸ்மார்ட் அல்லாத டிவிகளுக்குச் சிஎச்341ஏ போதும்.

அண்ணாச்சி ஒருவர் பைக் மீட்டரில் கிலோமீட்டரைக் குறைத்துத் தரச் சொல்கிறார். அதிலும் ஈஈப்ராம்தானே?

சிப் அதேதான். செய்யாதீர்கள். அந்த வண்டியை வாங்கப் போகிறவரை ஏமாற்றுவது அது. மீட்டர் பழுதாகி மாற்றினால், பழைய சிப்பில் உள்ள அதே எண்ணைப் புதியதில் எழுதித் தரலாம். அதற்கு மேல் வேண்டாம்.

ஆடி மாதக் காற்றில் மின்சாரம் போய்ப் போய் வருகிறது, சாரல் நேரத்தில் கிளிப் துருப்பிடிக்கிறது. என்ன செய்வது?

எழுதும்போது மின்சாரம் போனால் சிப் கெடாது. பாதி எழுதிய நிலையில் நிற்கும், மறுபடி அழித்து எழுதலாம். கெட்டுப்போவது பொறுமைதான். லேப்டாப் பேட்டரியில் ஓட்டினால் இந்தத் தொல்லையே இல்லை.

செங்கோட்டை, குற்றாலம் பக்கம் சாரல் மாதங்களில் கிளிப்பின் ஊசிகள் கறுத்துவிடும். சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட மூடி டப்பாவில் வையுங்கள், எடுத்ததும் ஆல்கஹாலால் துடையுங்கள். வள்ளியூர், நாங்குநேரி பக்கத்து வறண்ட காற்றில் பிரச்சினை நேர் எதிர்: பாலியெஸ்டர் சட்டையிலிருந்து நிலைமின்சாரம் சிப்பில் பாயும். பருத்திச் சட்டை போடுங்கள், மணிக்கட்டுப் பட்டையைப் பூமி இணைப்போடு சேர்த்துக் கட்டுங்கள், கழற்றிய சிப்களைக் கறுப்பு நுரையில் குத்திவையுங்கள். வெள்ளைத் தெர்மோகோலில் குத்தக் கூடாது.